வலது பின்பாக்கெட்

குப்புறப் படுங்கன்னு சொல்லிப்போட்டு
திரையை இழுத்து விட்டாங்க நிலோஃபர் டாக்டர்.
சங்ககிரி பைபாஸ், முதல் மாடி.
கீழ டயர் கடையில ரப்பர் வேகற வாடை.
நாப்பத்தேழு வயசுல
கட்டுனவ தவிர யார் கையும் படாத எடம்.
கண்ணை மூடிட்டனுங்க.

முழங்கையை வெச்சு ஒரு அழுத்து.
நான் கத்துனது நாக்பூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

இங்கதானா?
அங்க நிக்கறதில்லீங்.
அங்கிருந்து கெளம்பித் தொடைக்குப் பின்னால எறங்கி
கெண்டைக்கால்ல போயி லோடு எறக்குது.

சிரிச்சுட்டு சுவத்துப் படத்தைக் காட்டுனாங்க.
தோலை உரிச்ச ஆள் ஒருத்தன்
வெக்கமில்லாம முதுகு காட்டி நிக்கறான்.
வண்டியோட பின்பக்கத்தை நான் தெனம் தொடைக்கறேன்,
மகளுக ரெண்டு பேர் பேரும் அங்கதான் எழுதியிருக்குது.
என் பின்பக்கத்தை இப்பத்தான் பாக்கறேன்,
அதுவும் இன்னொருத்தன் மேல.

மேல கெடக்கற பெரிய தசை
திட்டறதுக்கு மட்டும் நாம பேர் சொல்றது.
உக்காரும்போது அது ஒதுங்கிக்குதாம்.
உக்கார்றது கறி மேல இல்லீங், எலும்பு மேல.
இக்கட்ட ஒண்ணு அக்கட்ட ஒண்ணு,
டயருக்குக் கல்லு குடுத்தாட்ட ரெண்டு முட்டு.
இருவத்தாறு வருசமா எதுமேல போனேன் வந்தேன்னு
அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பெரிய தசைக்கு அடியில சின்னது ஒண்ணு,
பேரிக்காயாட்ட இருக்கறதால அந்தப் பேரே வெச்சிருக்கறாங்க.
பேரிக்காய் நான் ஏத்தியிருக்கறேன்.
இமாச்சல்ல இருந்து, மழையில,
காகிதம் சுத்தி அடுக்குன பொட்டி.
ஒண்ணு நசுங்குனா பொட்டியே போச்சும்பான் கமிசன்காரன்.
அதுக்குக் கீழ இருந்துதான் நரம்பு வெளிய வருதாம்.
மயிராட்ட இருக்கும்னு நெனச்சிருந்தேன்.
விரல் தண்டி, பாருங்.
உடம்புலயே பெருசு அதுதானாம்.

பேண்ட்டுப் பையில என்ன?
பர்சுதானுங்.
எடுங்க.

டேபிள் மேல வெச்சதும்
அது பாட்டுக்கு எந்திரிச்சு நின்னுச்சு.
ரெண்டு விரக்கட்டை.
ஒரு பக்க டயர்ல மட்டும் காத்து எறங்குன வண்டியாட்ட
இடுப்பு சாஞ்சு சாஞ்சு
பேரிக்காய் எறுகி நரம்பைக் கடிக்குதாம்.
இதுமேல உக்காந்து எத்தனை கிலோமீட்டருன்னாங்க.
மீட்டரைத்தான் கேக்கோணும்.

வீட்டுல கட்டல் மேல கொட்டுனேன்.
பணம் நூத்தி நாப்பது. தண்டி அதனால வந்ததில்லீங்.
அச்சழிஞ்சு வெள்ளையாப் போன ஆதிலாபாத் டோல் ரசீது,
டயர்காரனுக்குத் தர வேண்டிய பாக்கி எழுதுன துண்டு,
பழனித் துண்ணூறு, அது கல்லாயிருந்துச்சு.
சின்னவ ஒண்ணாப்புப் போட்டோ,
மூஞ்சி என் சூட்டுல உருகி அட்டையோட ஒட்டிக்கிச்சு.
துளசிமணி ஒரு சீட்டைப் பிரிச்சுப் பாத்தா.
ஏனுங், இது அடகுச் சீட்டு.
இதைத் திருப்பி நாலு வருசமாச்சுங்களே,
சேட்டு கோடு போட்டே குடுத்திருக்கறான்.
கழுத்துக் கொடியை வெளிய இழுத்துக் காட்டுனா,
நான் நம்பலையோன்னு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு.
சிரிச்சா கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குது.

ராத்திரி தூக்கம் புடிக்கலை.
இடுப்போரத்துல ஒரு எலும்பு தட்டுப்படும்,
அங்க கைய வெச்சுட்டு முழங்காலை உள்ளயும் வெளியயும்
ஆட்டிப் பாருங்கன்னு டாக்டர் சொன்னது நெனப்பு வந்துச்சு.
ஆட்டுனேன்.
கைக்கடியில எலும்பு உருளுது.
அதுக்கும் உள்ள கிண்ணத்துல பந்து திரும்புதாம்,
டைராடு எண்டாட்டவே.
வண்டிக்கு அதை எத்தனை தடவை மாத்தியிருக்கறேன்.
இதுக்கு ஒருக்காக் கூட கிரீஸ் வெச்சதில்லீங்,
சத்தமே இல்லை.

தூங்காம என்ன பண்றீங்கன்னா துளசிமணி.
அவ கையைப் புடிச்சு
அவ இடுப்போரத்துல வெச்சு
முழங்காலை ஆட்டுன்னேன்.
கெரகம்னு முனகிட்டே ஆட்டுனா.
சித்த நேரம் பேச்சில்லை.
அப்பறம் இன்னொருக்கா ஆட்டுனா.